தாமஸ் மிட்செலின் 1939

கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, நாகர்கோவில்காரர்களுக்கு நகைச்சுவை நடிகர்களின் பெயர்கள் மறப்பதில்லை. குணச்சித்திர நடிகர்கள் மட்டும் "அப்பாவா வருவாரே, அவரு" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். தாமஸ் மிட்செலும் ஹாலிவுட்டில் அப்படி நின்றுவிட்டவர்.

நியூ ஜெர்சியில் 1892இல் பிறந்து, செய்தியாளராக இருந்து, மேடைக்குப் போய், நாற்பதைக் கடந்த பிறகே சினிமாவில் நிலைபெற்ற அவர், 1939இல் மட்டும் ஐந்து முக்கியமான படங்களில் நடித்தார். இந்த ஆடிச் சாரலில் அவற்றை மாமாவுடன் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் 'ஸ்டேஜ்கோச்'. ஊரை விட்டு விரட்டப்பட்ட குடிகார மருத்துவர், பக்கத்தில் இருக்கும் சாதுவான சாராய வியாபாரியின் மாதிரிப் புட்டிகளை அன்பொழுகப் பேசியபடியே காலி செய்கிறார். வழியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்க, கடுங்காப்பியாகக் கேட்டுக் குடித்துப் போதையை இறக்கிக்கொண்டு உள்ளே போகிறாரே, அந்தச் சில நிமிடங்களில் அவருடைய முகத்தில் தெரிவது போதையைவிட அவமானம்தான். இந்த வேடத்துக்கு அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது.

அடுத்த நாள் 'கான் வித் த விண்ட்'. பாதிப் படத்தில் மாமா, "மக்களே, நேத்து கண்ட குடிகார டாக்டரா இவரு?" என்றார். தாழக்குடிப் பக்கம் வயல் வைத்திருக்கும் அவர், மண் ஒன்றே நிலைக்கும் என்று மிட்செல் நடித்த ஜெரால்ட் மகளிடம் சொல்லும் காட்சியை இரண்டு முறை ஓட்டச் சொன்னார். மனைவியை இழந்து சித்தம் கலங்கிய அதே ஜெரால்டை அவரால் பார்க்க முடியவில்லை. கண்பார்வை மங்கும் விமானி, வாஷிங்டன் பத்திரிகையாளர், பாரிஸ் பிச்சைக்காரர்களின் ராஜா ஆகியவை அந்த ஆண்டின் மற்ற வேடங்கள். கடைசியாகச் சொன்னதில் அவர் கொஞ்சம் மிகையாக நடித்தார் என்பது என் எண்ணம்.

1953இல் தொலைக்காட்சிக்கான எம்மியும் மேடைக்கான டோனியும் பெற்று, ஆஸ்காரோடு சேர்த்து மூன்று விருதுகளையும் வாங்கிய முதல் ஆண் நடிகரானார். தொலைக்காட்சியில் பீட்டர் ஃபால்க்கின் முகமாகவே நாம் அறிந்த துப்பறிவாளர் கொலம்போவை அவருக்கு முன்பே மேடையில் நடித்தவரும் மிட்செல்தான். 1962இல், அந்த நாடகம் வந்த ஆண்டிலேயே, இறந்துபோனார்.

நேற்று 'ஹை நூன்' பார்த்தோம். தேவாலயத்தில் மேயராக எழுந்து, காவல் அதிகாரியை வாயாரப் புகழ்ந்து, கூட்டம் உருகி நிற்கையில், அவர் ஊரை விட்டுப் போய்விடுவதே நல்லது என்று முடிக்கிறார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "இவனை நான் நம்ம ஊர்க் கூட்டத்துல எத்தனை தடவை கண்டிருக்கேன்!"