தீப்பிடித்தது என் தொடையில்தான்

உட்கார முடிகிறது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அதனால் இன்று பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 14 என்றால் நமக்கு மாங்காய்ப் பச்சடி. ஆபீஸுக்கு அது தீத்தொண்டு வாரத்தின் ஆரம்பம். மாடிக்கு ஒருவர் ஒருநாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்த கூட்டத்துக்கு நான் ஐந்து நிமிடம் லேட். கல்யாணப் பந்திக்கு லேட்டாகப் போனால் பாயசம் கிடைக்காது. ஆபீஸ் கூட்டத்துக்கு லேட்டாகப் போனால் பொறுப்பு கிடைத்துவிடும்.

பயிற்சி கொடுத்தவர் ரிட்டயர்டான தீயணைப்பு வீரர். ஆள் ஒட்டடைக் குச்சி, எடையில் பாதி மீசை. 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்த கதையிலிருந்து ஆரம்பித்தார். வெடிமருந்து ஏற்றிய அதே கப்பலில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருக்கிறார்கள். "பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வைக்காதேன்னு நம்ம பாட்டிக்குத் தெரிஞ்சது, துரைக்குத் தெரியலை சார்" என்றார். சிரித்தோம். அணைக்கப் போன 60-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் அதில் போய்விட்டார்கள், அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரமே என்றார். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதலில் பவுடர் சிலிண்டர். பின்னை உருவு, தீயின் அடியைப் பார்த்துக் குறிவை, அமுக்கு, இடமும் வலமுமாக வீசு. இவ்வளவுதான். கைப்பிடியை அமுக்கிக்கொண்டே பின்னை இழுத்தால் ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று எனக்குத் தெரியாது. ஒருவழியாக வந்தபோது எதிர்க்காற்றில் நின்றிருந்தேன். சின்ன சிலிண்டரில் மொத்தமே 20 விநாடிக்குள்தான் பவுடர் வரும். அதில் பத்து விநாடி எனக்கே அபிஷேகம். தீ எரிந்துகொண்டே இருந்தது. நான் பழனியில் படியிறங்கி வந்தவன் மாதிரி நின்றேன்.

அடுத்தது ஓஸ். தண்ணீர் வரும்வரை அது செத்த பாம்பு. வால்வைத் திறந்தார்கள் பாருங்கள், அலங்காநல்லூர்தான். பந்தலில் கட்டியிருந்த பேனரில் எங்கள் பெரிய அதிகாரியின் முகம் இருந்த இடம் மட்டும் கிழிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. இதை இதுவரை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், நாலு பேரும் கைகொடுத்தார்கள்.

அப்புறம் மயங்கியவரைத் தோளில் தூக்கும் பயிற்சி. பொம்மை வரவில்லையாம். எனக்கு வாய்த்தது அக்கவுண்ட்ஸ்காரர். ஆட்டோ பில்லில் பத்து ரூபாயைக்கூட விடாமல் வெட்டுகிற மனிதர், 84 கிலோவையும் பைசா குறையாமல் என் மேல் போட்டார். குந்தினேன். குந்திய இடத்திலேயே இருந்தேன். ஒட்டடைக் குச்சி வந்து அவரை இறக்கினார். என் கையைப் பிடித்தார், குனிந்தார், அடுத்த நொடி வானம் கீழே இருந்தது. என்னைச் சுமந்தபடியே மூச்சிரைக்காமல் பேசுகிறார்: தீயைவிட, கிணற்றில் விழுந்த மாட்டுக்கும் வீட்டில் புகுந்த பாம்புக்கும்தான் அதிகம் ஓடியிருக்கிறாராம். "மாடே தேவலை சார். அது வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நடிக்காது."

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார். புகை வந்தால் தவழ்ந்து போ. லிஃப்டில் மட்டும் ஏறவே ஏறாதே, கரண்ட் போனால் நடுவில் மாட்டிக்கொள்வோம், அந்தக் குழி வழியாகப் புகையும் ஏறும். இவள், "போன வாரம் பாலை அடுப்புல வச்சிட்டு மேட்ச் பார்த்தது யாரு?" என்று கேட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள். மகன் எப்போது போனான் என்றே தெரியவில்லை. அம்மா மட்டும் முழுசாகக் கேட்டாள்.

"நாலு மாடியும் படியிலதானா?"

"படியிலதான்."

ஒன்றும் சொல்லாமல் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

இன்று காலை ஆறரைக்கு அம்மாவைக் காணோம். செருப்பும் இல்லை. செல்போன் டிவி மேல் கிடக்கிறது. கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில், நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, மஞ்சள் பை. பையில் வீட்டுப் பத்திரம்.

"என்னம்மா இது?"

"ரெண்டு மாடி இறங்கிட்டேன்டா. இருபது நிமிஷம் ஆச்சு. பாக்கி ரெண்டு நாளைக்கு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தொடை ஞாபகம் வந்தது. அம்மா கைகொடுத்தாள், நான் எழவில்லை. நான் கைகொடுத்தேன், அவளும் எழவில்லை. பால்காரர் தாண்டிப் போகும்போது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லிஃப்டைக் கூப்பிடுடா" என்றாள் அம்மா. "இப்போதான் தீப்பிடிக்கலையே."

பட்டன் எட்டவில்லை.