அண்ணனுக்கு ஹார்ட்டாமே?

காலை ஐந்தே முக்காலுக்கு நாத்தனார் போன். அந்த நேரத்தில் வரும் போன், எடுப்பதற்கு முன்பே வயிற்றைக் கலக்கிவிடும்.

"அண்ணி, அண்ணனுக்கு ஹார்ட்டாமே? டாக்டரைக்கூட மாத்தியாச்சாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை பாருங்க!"

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியே லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இழுத்து விடுகிற உடம்பில் எந்தக் கோளாறும் இருக்க வாய்ப்பில்லை.

"நல்லா தூங்கறாரே" என்றேன்.

"மறைக்காதீங்க அண்ணி. அம்மாவே போன் பண்ணி அழுதாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அண்ணன் தனியா இருட்டுல உட்கார்ந்து கண்ணைத் துடைச்சுட்டு இருந்தாராம்."

அப்போதுதான் பொறி தட்டியது. ராத்திரி இரண்டு மணி. இருட்டு. அழுகை. டாக்டர்.

ஹூ.

இவருக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சுரம் வரும். பிபிசியின் பழைய டிவி தொடரான ‘டாக்டர் ஹூ’வை, ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகத்துக்காரரின் கதையை, முதலிலிருந்து பார்க்கப் போகிறேன் என்று ஆரம்பிப்பார். முதலிலிருந்து என்றால் 1963 நவம்பர் 23-லிருந்து. அதற்கு முந்தின நாள்தான் கென்னடியைச் சுட்டார்கள், ஜனங்கள் கவனம் எல்லாம் அங்கே போய்விட்டதால் அடுத்த வாரம் முதல் எபிசோடை மறுபடியும் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வார். எங்கள் கல்யாணத் தேதியைக் கேட்டால் மட்டும் "வெயில் காலம்" என்பார்.

இந்தத் தடவை 1966-க்கு வந்திருந்தார். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடம்பு முடியாமல் விலகும் கதை. கதாநாயகன் போய்விட்டால் தொடரை மூடுவதுதானே வழக்கம்? இவர்கள் கிழவரைக் கீழே விழவைத்து, முகத்தில் வெளிச்சம் அடித்து, பேட்ரிக் ட்ரௌட்டன் என்ற வேறு நடிகராக எழுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சமாளிப்பில்தான் இன்றுவரை வண்டி ஓடுகிறது. ஆனால் அந்தக் கடைசி எபிசோட் இப்போது இல்லை. பழைய டேப்புகளைப் பிபிசி அழித்துவிட்டது. முகம் மாறும் அந்தச் சில நொடிகள் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் துண்டாகப் போட்டதால் தப்பியது. மிச்சத்துக்குப் பெரும்பாலும் அசையாத புகைப்படங்களும், அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்த ஒலியும்தான். பின்னால் அனிமேஷனாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பாருங்களேன் என்றால், "அது ஆவி இல்லாத உடம்பு" என்கிறார். ஆக, ஆவி வேண்டி ராத்திரி இரண்டு மணிக்கு அரை மணி நேரம் போட்டோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருக்கிறார். காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஹாலில் விளக்கு இல்லை. டிவியில் கறுப்பு வெள்ளையில் நரைத்த முடியோடு ஒரு பெரியவர், அசையாமல். எதிரே பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அப்புறம் நடந்ததை இரண்டு பேரிடமும் தனித்தனியாக விசாரித்துத் தொகுத்தேன்.

"யாருடா இது?"

"ஹார்ட்னெல்மா."

அத்தை காதில் முன்பாதி மட்டும் விழுந்தது.

"என்னடா சொல்றே!"

"டாக்டர்மா. இதோட சரி. அடுத்தது வேற டாக்டர்."

"இப்ப எப்படிடா இருக்கு?"

"மனசே சரியில்லைம்மா. நீ போய்ப் படு."

எந்தத் தாய் போய்ப் படுப்பாள்?

சரி, சம்பந்தப்பட்டவர் வாயாலேயே சொல்லட்டும் என்று இவரை உலுக்கி எழுப்பி, போனை ஸ்பீக்கரில் போட்டேன். நான் செய்த தப்பு அது. பாதித் தூக்கத்தில் "ஹார்ட்" என்ற சொல் மட்டும் இவருக்குள் போயிருக்கிறது.

"ரெண்டு ஹார்ட். 1970-லதான் எக்ஸ்ரேல தெரிஞ்சுது" என்றார்.

போனில் ஒரு விசும்பல். "எழுபதுலேர்ந்தா அண்ணா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணுதான் இருந்துதான்னு இன்னும் சண்டை நடக்குது."

நான் போனைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு ஹார்ட் தொடரில் வரும் டாக்டருக்குத்தான் என்று பிரிக்க வேண்டிய பேச்சுகளைப் பிரித்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்துப் புரியவைப்பதற்குள் விடிந்துவிட்டது. நாத்தனார் கடைசியில், "நடிகருக்காகவா அழுதார்? எங்க அப்பா போனப்ப அழவே இல்லையே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நடிகருக்காக இல்லை என்பதுதான் விஷயம். முகம் மாறுவதற்காக. இந்த ரசிகர் கூட்டமே அப்படி. 2010 புத்தாண்டு அன்று, அப்போது டாக்டராக இருந்த டேவிட் டெனன்ட் ‘எனக்குப் போக விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டுப் போனபோது, அடுத்து வந்த மாட் ஸ்மித்தை இவர் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டேன் என்றார். ஆறே வாரத்தில் ஸ்மித் மாதிரியே கழுத்தில் போ டை வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார். 2017-ல் ஜோடி விட்டேகரை முதல் பெண் டாக்டராக அறிவித்தபோது இவருடைய நண்பர் "இனிமேல் ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டேன்" என்று சபதம் போட்டார். அன்றிலிருந்து ஒரு எபிசோட் விடாமல் பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு மோசம் என்று இவருக்கு மெசேஜ் அனுப்புகிறார். 2025 மே 31 அன்று டாக்டராக நடித்த ஷூட்டி காட்வாவின் முகம் மாறி, பில்லி பைப்பர் என்ற நடிகையின் முகம் வந்ததும் அந்த நண்பரும் இவரும் போனிலேயே கத்திக்கொண்டார்கள். டைட்டிலில் ‘டாக்டராக’ என்று போடவில்லை, பெயரை மட்டும்தான் போட்டார்கள் என்று இவர் வாதம். ஒரு சொல் இல்லாததற்கு இரண்டு மணி நேரம்.

சொல் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் வாய் தவறி அந்த ஆளை ‘டாக்டர் ஹூ’ என்றுவிட்டால் போதும். "ஹூ தொடரோட பேர். அவர் பேர் வெறும் டாக்டர்" என்று திருத்துவார். கல்யாணமான நாளிலிருந்து திருத்துகிறார். 2005 சீசனில் டாக்டராக நடித்த எக்கிள்ஸ்டனின் பெயர் வரும் கடைசி டைட்டிலை நிறுத்திக் காட்டினேன், பாத்திரத்தின் பெயரை ‘டாக்டர் ஹூ’ என்றே போட்டிருந்தது. "அது அவங்க தப்பு" என்றார்.

இன்று ராத்திரி ட்ரௌட்டனின் முதல் கதை. ஆறு எபிசோடும் தொலைந்துபோனவை, ஆறும் போட்டோதான். பிள்ளை உடம்பைக் கண்காணிக்கிறேன் என்று அத்தையும் சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது வரும் நிகழ்ச்சிகள் மாதிரி ஓடவில்லையாம், ஒவ்வொரு படமும் நின்று நிதானமாகப் போகிறதாம். "நேத்து இருந்தவர் எங்கேடா?" "இவர்தாம்மா அவர்." "அப்ப ஏன் அழுதே?" இவர் வாயைத் திறந்து மூடினார். அறுபது வருஷ ரசிகர் கூட்டத்தில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள் போல.

நான் அடுப்படியை ஒழித்துவிட்டு வரும்போது ஒன்று முடிந்திருந்தது.

"நிறுத்திட்டியா? அந்த ஹூ டாக்டரைப் போடுடா" என்றார் அத்தை.

ஹூ டாக்டர்! கதவருகே நின்று காத்திருந்தேன்.

இவர் ரிமோட்டை எடுத்தார். அத்தை காதைப் பார்த்தார், மிஷின் இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அடுத்ததைப் போட்டார்.