பிந்தியவை எழும் வரை

ஜூலை 6, 2024, சனி

இரண்டு முறை தோலுரித்த பட்டுப்புழுக்கள் இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இன்று காலை பாலக்கோட்டிற்கு அருகிலுள்ள எங்கள் புழு வளர்ப்பு மனைக்கு வந்து சேர்ந்தன. புழுப் படுக்கைகள் இருக்கும் ஸ்டாண்டுகளில் கடைசியைத் தன்னிடம் விடுமாறு எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் கேட்டான். பட்டுப்புழு வளர்த்தே எங்கள் மூவரையும் படிக்கவைத்த அம்மா உடனே சம்மதித்தார்.

ஜூலை 16, செவ்வாய்

நான்காம் தோலுரிப்பு. தலையை நிமிர்த்தி அசையாமல் கிடக்கும் புழுக்கள் இந்த நேரத்தில் உண்பதில்லை என்பதால், நேற்றே இலையை நிறுத்திவிட்டுப் படுக்கை உலர்ந்திருக்கச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தோம். விடியற்காலையில் பாதிக்கு மேல் எழுந்துவிட்டதைக் கண்ட மகன், மல்பெரிக் கிளைகளை அள்ளிக்கொண்டு ஓடினான்.

"முந்தினதைப் பார்த்து இலை போடாதே, கண்ணு. பிந்தினதும் எழுந்திரிக்கட்டும்" என்று அம்மா தடுத்தார்.

முன்னதாக எழுந்தவை தின்று பெருத்துவிட்டால், படுக்கையில் புழுக்கள் பெரிதும் சிறிதுமாகிவிடும். கூடு கட்டும் நாளும் ஒன்றுபோல் அமையாது. அவன் பள்ளியிலிருந்து திரும்பிய பிறகே, அவன் கையாலேயே இலை போட்டோம். சிறுவயதில் இதே சொற்களைக் கேட்டு நான் கோபித்துக்கொண்டதுண்டு. காத்திருப்பதும் உழைப்பில் சேரும் என்பது விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஜூலை 20, சனி

மகனின் ஸ்டாண்டில் பால்புழு நோய் கண்டுவிட்டது. சில புழுக்கள் இலையை விட்டு விலகிப் படுக்கையின் ஓரத்தில் அலைந்தன. கணுக்கள் வீங்கி, தோல் மினுமினுத்தது. ஒன்றை அவன் தொட்டதும் தோல் கிழிந்து, பால் போன்ற நீர் விரலில் வழிந்தது. புழு தன் ஆயுளில் உண்ணும் இலையில் எண்பது விழுக்காட்டிற்கும் மேல் நான்காம் தோலுரிப்புக்குப் பிந்தைய இந்த ஐந்தாம் பருவத்தில்தான் உண்கிறது. ஆகவே இப்போது நேரும் இழப்பே பெரிய இழப்பு. "இனிமேல் எனக்கு வேண்டாம் ஆயா" என்று அழுதான்.

அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கரைத்த பேசினை அருகில் வைத்து, குச்சிகளால் நோயுற்ற புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் போடத் தொடங்கினார். தோல் கிழியும் முன்பே எடுத்துவிட்டால்தான் மற்றவற்றைக் காப்பாற்ற முடியும். சற்று நேரத்தில் அவனும் இரண்டு குச்சிகளை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது மனை முழுவதும் இப்படிப் போனதை இரவில் அவனிடம் சொன்னேன். மல்பெரியைப் பிடுங்கிவிட்டுக் கேழ்வரகு விதைக்கலாம் என்றார் அப்பா. அம்மா செடிகளைக் கவாத்து செய்து, புழுக்கள் கூடு கட்டும் தட்டிகளான சந்திரிகைகளை வெயிலில் காயவைத்து, மனையைத் தரையிலிருந்து கூரை வரை கழுவினார். தண்ணீர் சுமந்தவன் நான். அடுத்த முறை கூட்டிற்கு விலை கிடைக்கவில்லை. அதற்கடுத்த முறைதான் கடன் அடைந்தது.

ஜூலை 31, புதன்

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடுகளைக் கொண்டுசென்று வந்தேன். மகனின் ஸ்டாண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீதமுள்ளவை நன்றாகக் கட்டியிருந்தன.

மாலையில் திரும்பியபோது அவன் ஸ்டாண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா மூலையில் விரலை ஓட்டிப் பார்த்து, "இங்கே இன்னும் இருக்குது, கண்ணு" என்றார். அவன் வாளியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.