எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?

பதினோரு மாதத்தில் ஏழு தடவை அம்மாவை எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அதில் நாலு தடவை வார்டில் சேர்த்தார்கள், மீதி மூன்று தடவை ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, விடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாமே ஒரே மாதிரிதான் தொடங்கும். ராத்திரி ஒரு மணிக்கு மேல் மூச்சு வாங்கும், படுக்க முடியாது, எழுந்து உட்கார்ந்து கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், நான் செருப்பைத் தேடுவேன்.

அம்மாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். பெயரைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும், அப்படியில்லை, உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அதனால் நீர் தேங்குகிறது. கூடவே சுகர், கொஞ்சம் கிட்னி பிரச்சினை, முழங்கால் வலி. நோய்க்கொரு டாக்டர், டாக்டருக்கொரு ஃபைல். எமர்ஜென்சியில் ஒவ்வொரு முறையும் புது முகம், "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்ற கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஐந்தாவது தடவைக்குள் நான் மனப்பாடமாக ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாவது தடவை டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு நர்ஸ் வந்து, வருடத்தில் நாலு முறைக்கு மேல் எமர்ஜென்சிக்கு வருகிறவர்களை கேஸ் மேனேஜ்மென்ட்டில் சேர்க்கிறோம், அதாவது ஒரே ஆள் தொடர்ந்து கவனித்து எல்லா டாக்டர்களோடும் பேசிக்கொள்வார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது. அடிக்கடி வருகிறவர்கள் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம், நாங்கள் பொழுதுபோக்குக்கா வருகிறோம்? அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், "நம்மை வரவிடாமல் பண்ணத்தான் இந்த ஏற்பாடு" என்றான். அது முழுக்கத் தப்பும் இல்லை. இந்த மாதிரித் திட்டங்களுக்குப் பின்னால் படுக்கைக் கணக்கும் செலவுக் கணக்கும் இருக்கத்தான் செய்யும். சம்மதப் படிவத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மூன்று டாக்டர்களின் குறிப்புகளையும் ஒருவர் சேர்த்துப் பார்க்கலாம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. சரி, போனால் என்ன என்று அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னோம்.

இரண்டாவது நாள் போன் வந்தது, ஒரு வாரத்துக்குள் கேஸ் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். பல வருடம் வார்டு நர்ஸாக இருந்தவராம். நான் பழக்க தோஷத்தில் ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் அம்மா?" என்றார். நான் என்னடா கேள்வி இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா யோசிக்கவே இல்லை: "எப்பவும் இரண்டு தம்பி. மூச்சு முட்டப் போகுதுன்னா அதுக்கு மூணு நாள் முன்னாடியே மூணாயிடும். அப்புறம் நாற்காலிலதான் தூக்கம்."

மூன்று நாள் முன்னாடியே! ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எனக்குத் தெரியாது. பகலெல்லாம் காலில் தேங்குகிற நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலில் போய் நிற்கிறது, அதனால்தான் தலையணை ஏறிக்கொண்டே போகிறது என்று அவர் விளக்கினார். ராத்திரி ஒரு மணிக்குத் திடீரென்று வந்ததாக நாங்கள் நினைத்தது எதுவும் திடீரென்று வரவில்லை.

அப்புறம் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னார். டாக்டர் எழுதியதை மட்டுமல்ல, எல்லாவற்றையும். பிளாஸ்டிக் டப்பா, அலமாரித் தட்டு, அம்மாவின் கைப்பை, தலையணைக்கு அடியில் ஒன்று, எல்லாம் சேர்ந்து கட்டிலில் பாதியை அடைத்தது. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பிரித்து அடுக்கினார். ஒரே பிரஷர் மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டையாக இருந்தது, அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து வந்தது டைக்ளோஃபெனாக், முழங்காலுக்குக் கடையில் கேட்டு வாங்கியது. அந்த வகை வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்திவைக்கும், கிட்னியையும் பாதிக்கும், அதாவது தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை ஒரு பக்கம் இறைக்க, இது இன்னொரு பக்கம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நீர் மாத்திரை அட்டையில் இருக்க வேண்டியதைவிட அதிகமாக மிச்சம் இருந்தது. அவர் எண்ணினார், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் "ஏம்மா போடறதில்லையா?" என்று குரலை உயர்த்தினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, "எந்த மாதிரி நாளில் விட்டுப்போகும்?" என்று மட்டும் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, வெளியே போகிற நாளில் என்றாள். பஸ்ஸில் அவசரம் வந்தால் எங்கே இறங்குவது? இதை எந்த டாக்டரிடமும் அவள் சொல்லவில்லை, எந்த டாக்டரும் கேட்கவும் இல்லை. என்னிடமும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த இரண்டு வாரம் நடந்தது பெரும்பாலும் போன் வேலை, அதை அவர்தான் செய்தார். ஹார்ட் டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டியிருந்தார், கிட்னி டாக்டர் குறைத்திருந்தார், இரண்டு சீட்டும் எங்களிடம் இருந்தது, கடைசியாக யாரைப் பார்த்தோமோ அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டு பேரும் பேசி ஒரே அளவு முடிவானது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்க்க ரத்தப் பரிசோதனைக்குத் தேதியும் போட்டார்கள். வெளியே போகிற நாளில் காலை மாத்திரையை விட்டுவிடாமல் வீடு திரும்பியதும் மதியம் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரே சொன்னார், ராத்திரிக்குத் தள்ள வேண்டாம், தூக்கம் கெடும் என்றார். டைக்ளோஃபெனாக் போய் பாராசிட்டமாலும், காலுக்குச் சில பயிற்சிகளும் வந்தன. வலி முழுசாகப் போகவில்லை என்று அம்மா இன்றைக்கும் முணுமுணுக்கிறாள், அதுவும் உண்மைதான்.

கடைசியில் கையில் கிடைத்தது ஒரே ஒரு தாள், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதியாக. தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மஞ்சள். கால் வீங்கினால் மஞ்சள், தலையணை மூன்றானாலும் மஞ்சள் (இது எங்கள் தாளில் மட்டும் உள்ள வரி, அம்மாவுக்காக எழுதியது). மஞ்சள் என்றால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், மயங்கினால் சிவப்பு, யாருக்கும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே எமர்ஜென்சி. இந்த வரியைப் படித்தபிறகுதான் அண்ணனுக்குச் சந்தேகம் தீர்ந்தது. தாளின் நகல் எமர்ஜென்சி கணினியிலும் இருக்கிறது, அம்மாவின் வழக்கமான பிரஷர், ஆக்சிஜன், கிரியாட்டினின் எவ்வளவு என்பதோடு. அடுத்த முறை போனபோது நான் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் சொல்லி முடித்தபின் அவர், "நான் சரியாகச் சொன்னேனா என்று தெரிய வேண்டும், நீங்கள் எனக்குத் திரும்பச் சொல்லுங்கள்" என்றார். பரீட்சை போல இல்லாமல், தப்பு வந்தால் அவர் மேல் என்கிற மாதிரி கேட்டார். அம்மா மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் சொன்னாள். மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. அவர் போனை எடுப்பது பகலில்தான், எங்கள் கஷ்டமெல்லாம் ராத்திரியில். ஐந்தாவது மாதம் அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார், புதியவரிடம் அம்மா ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. அப்புறம், நான் வேலைக்குப் போகிறேன், அண்ணன் தூரத்தில் இருக்கிறான், பகலில் அம்மா தனியாக இருக்கிறாள் என்பதற்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை.

முதல் ஆறு மாதத்தில் இரண்டு தடவைதான் எமர்ஜென்சிக்குப் போனோம், அதில் ஒன்று குளியலறையில் வழுக்கி விழுந்ததற்கு. இதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் நடந்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். இந்த மாதிரித் திட்டத்துக்கு ரொம்பப் பேர் போன இடம் அது. 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தக் கவனிப்பும் மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020இல் முடிவு வந்தது: 180 நாளுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இரண்டு பக்கமும் சுமார் 62 சதவீதம். வித்தியாசமே இல்லை. ரொம்ப மோசமான கட்டத்தில்தான் ஒருவரை இதில் சேர்க்கிறார்கள், அதற்குப் பிறகு பலருக்குத் தானாகவே கொஞ்சம் தணியும், அதைத் திட்டத்தின் வெற்றி என்று எண்ணிவிடுகிறோம்.

படித்தபோது சப்பென்று ஆகிவிட்டது. அம்மாவுக்கும் தானாகவே தணிந்திருக்குமோ? இருக்கலாம். ஆனால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தது தானாக நின்றிருக்காது, கைப்பையில் இருந்ததும் தானாக வெளியே வந்திருக்காது. யாராவது இந்தத் திட்டத்தில் சேரச் சொன்னால் எத்தனை தடவை எமர்ஜென்சி குறையும் என்று கேட்காதீர்கள், வீட்டுக்கு வருவீர்களா, மூன்று டாக்டரிடமும் நீங்களே பேசுவீர்களா, ராத்திரியில் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

எட்டாவது மாதம் ஃபைலை மூடப்போவதாகப் போன் வந்தது. நிலைமை சீராக இருக்கிறது, இனி வழக்கமான டாக்டரைப் பார்த்தால் போதும் என்றார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா குனிந்து போனிடம், "அப்போ எடையை யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை.

இப்போது நான் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது அடுத்த அறையிலிருந்து போன் வரும், எழுந்து வந்து சொல்லமாட்டாள். "அறுபத்து ஒண்ணு நானூறு. இரண்டு தலையணை." அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.