செம்பு நட்சத்திரமும் இன்ஸ்பெக்டர் பர்ன்ஸும்

நியூயார்க் போலீசுக்குச் சீருடையை விட பேட்ஜ்தான் மூத்தது. 1845-இல் நகரக் காவல் படை அமைந்தபோது ஆளுக்கொரு எட்டு முனைச் செம்பு நட்சத்திரம் கொடுத்தார்கள். அதைச் சொந்தக் கோட்டில் குத்திக்கொண்டு ரோந்து போனார்கள். சீருடை போடுவது எடுபிடி வேலைக்காரன் கோலம் என்று பலர் முரண்டு பிடித்ததால், அது 1853-இல்தான் வந்தது.

கீழ் மன்ஹாட்டனில் ஒரு பழம்பொருள் கடையில் சில பழைய பேட்ஜ்களைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆசையாய் முகப்பைத் தடவிக்கொண்டிருந்தவனை, "முதலில் திருப்பிப் பாருங்கள்" என்றார் கடைக்காரர். போலியின் குட்டு முதுகில்தான் வெளிப்படுமாம். அசல் பேட்ஜ் தகட்டை அச்சில் அடித்துச் செய்தது. எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், தேய்ந்திருந்தாலும் கை படும் மேடுகளில் மட்டும் தேய்ந்திருக்கும். ஊசியும் கொக்கியும் பற்றவைத்த இடம் நிறம் மாறிக் கிடக்கும். நகலோ பெரும்பாலும் அச்சில் உருக்கி வார்த்தது. அவர் கொடுத்த பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்புறம் முழுக்க ஊசி முனை அளவு குழிகள். அப்புறம் முகப்பைப் பார்க்கவே தோன்றவில்லை.

எனக்கு நகரத்தில் தேட வேண்டியிருந்தது பேட்ஜை விட ஓர் ஆளை: தாமஸ் பர்ன்ஸ். 1842-இல் அயர்லாந்தில் பிறந்து, சிறு வயதில் நியூயார்க் வந்து, 1863-இல் போலீசில் சேர்ந்தவர். அவருடைய வாழ்க்கையை நடந்தே பார்த்துவிடலாம்.

பிராட்வேயும் பிளீக்கர் தெருவும் சந்திக்கும் மூலையில் தொடங்கினேன். 1878 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இங்கிருந்த மன்ஹாட்டன் சேமிப்பு வங்கியில் சுமார் 27 லட்சம் டாலர் கொள்ளை போனது. அதில் பெரும்பகுதி கொள்ளையர்களால் மாற்ற முடியாத பத்திரங்கள் என்பது வேறு கதை. தன் எல்லையிலேயே நடந்ததால் கேப்டன் பர்ன்ஸுக்கு மானப் பிரச்சினை. விடாமல் துரத்தி ஒவ்வொருவராகப் பிடித்தார். 1880-இல் துப்பறியும் பிரிவு அவர் கைக்கு வந்தது. இப்போது அந்த மூலையில் நிற்பது பிற்காலக் கட்டடம்.

தெற்கே ஃபுல்டன் தெரு. இதைத் தாண்டி வால் ஸ்ட்ரீட் பக்கம் எந்தப் பழைய குற்றவாளி வந்தாலும் கைது என்று கோடு போட்டார் பர்ன்ஸ். பணக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பதிலுக்குப் பங்குச் சந்தை விஷயத்தில் அவருக்கு நல்ல நல்ல யோசனைகள் கிடைத்தன. 1894-இல் நடந்த போலீஸ் ஊழல் விசாரணையில் தன் சொத்து சுமார் 3,50,000 டாலர் என்று அவரே ஒப்புக்கொண்டார். மறுவருடம் தியோடர் ரூஸ்வெல்ட் போலீஸ் ஆணையராக வந்ததும் பர்ன்ஸ் வெளியேற வேண்டியதாயிற்று.

கிழக்கு ஆற்றோரம் வாட்டர் தெருப் பக்கம் நடக்கும்போதுதான் மனசு கசந்தது. 1891-இல் இங்கே ஒரு விடுதியில் கேரி பிரௌன் என்ற பெண் கொல்லப்பட்டார். லண்டனில் பெண்களைக் கொன்று பிடிபடாமல் போன 'ஜாக் தி ரிப்பர்' இங்கே வந்தால் சீக்கிரமே பிடித்துக்காட்டுவேன் என்று பர்ன்ஸ் ஏற்கெனவே ஜம்பம் அடித்திருந்தார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. சிக்கியவர் அமீர் பென் அலி என்ற அல்ஜீரியர். ஆயுள் தண்டனை. சாட்சியம் சரியில்லை என்று விடுதலையாக அவருக்கு 1902 ஆனது. இன்றைய நியூயார்க் போலீசின் கேடய பேட்ஜ் வந்ததும் அதே வருடம்தான்.