மிடில்மார்ச்சைப் பாதியில் மூடி வைக்காமல் முடிப்பது எப்படி

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிப்பவர்களிடம் எந்த நாவலைப் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஜார்ஜ் எலியட்டின் மிடில்மார்ச் கட்டாயம் வரும். 86 அத்தியாயம், அதற்கு முன்னால் ஒரு முகப்பு, கடைசியில் ஒரு முடிவுரை, கையில் எடுத்தாலே மணிக்கட்டு வலிக்கிற கனம். இதை முழுசாகப் படித்தவன் என்று தெரிந்ததும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது எல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணா, பத்து அத்தியாயம் தாண்ட முடியவில்லை, விட்டுவிடட்டுமா?"

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மார்க், எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. எந்தப் பாத்திரம் எந்த நாவலில், எது முதலில் வெளிவந்தது, இதை அதோடு பொருத்து என்கிற வகைக் கேள்விகளுக்குக் கதைச் சுருக்கமே போதும். அதற்காக எண்பத்தாறு அத்தியாயம் படி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செமஸ்டர் தாளில் பத்து பன்னிரண்டு மார்க் கட்டுரை எழுத வேண்டும், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உட்கார வேண்டும், நாளைக்கு வகுப்பில் நின்று இதை நடத்த வேண்டும் என்றால் கைடு கைகொடுக்காது. கைடில் இருப்பதை மட்டும் எழுதிய தாள் எது என்று திருத்துபவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அவரும் அதே கைடைப் பார்த்தவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "போர் அடிக்கிறது" என்று சொல்லி நாம் மூடிவைக்கிற பல சமயம் நமக்கு அடிப்பது போர் இல்லை, யார் யார் என்பதே பிடிபடாமல் தொலைந்துபோயிருக்கிறோம், அவ்வளவுதான். இரண்டும் உள்ளே ஒரே மாதிரி எரிச்சலாகத்தான் தெரியும், கொட்டாவியும் ஒரே மாதிரிதான் வரும், ஆனால் மருந்து வேறு வேறு. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடைசியாகப் படித்த அத்தியாயத்தில் என்ன நடந்தது என்று அறைத்தோழனிடம் மூன்றே வாக்கியத்தில் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையா, தொலைந்துவிட்டீர்கள், ஒரே ஒரு அத்தியாயம் பின்னால் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். தெளிவாகச் சொல்ல முடிகிறது, ஆனாலும் ஆர்வமே இல்லை என்றால் அதுதான் நிஜமான சலிப்பு. அப்போது அந்த அத்தியாயத்தின் மிச்சத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது.

மிடில்மார்ச்சில் ஆட்கள் தொலைகிற இடம் எது என்று கிட்டத்தட்ட விரல் வைத்தே காட்டலாம். முதல் பத்து அத்தியாயம் டொரோதியா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் கதை. பெரிதாக ஏதாவது செய்து வாழவேண்டும் என்ற வேகத்தில், தன்னைவிட இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மூத்த கசாபன் என்ற பண்டிதரைக் கட்டிக்கொள்கிறாள். நமக்கு அவள்மேல் பாசம் வந்து, இந்தக் கல்யாணம் என்னாகுமோ என்று பதைக்கிற நேரத்தில் அவள் தேனிலவுக்கு ரோமுக்குப் போய்விடுகிறாள், நாவல் அவளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் நுழைகிறது. லிட்கேட் என்று ஒரு டாக்டர், வின்சி குடும்பம், புல்ஸ்ட்ரோட் என்ற பக்திமான் பேங்க் முதலாளி, சாகக் கிடக்கிற ஃபெதர்ஸ்டோன் கிழவர், அவர் சொத்துக்குக் காத்திருக்கிற சொந்தங்கள். டொரோதியா மறுபடி கண்ணில் படுவது 19ஆம் அத்தியாயத்தில்தான். நடுவில் எட்டு அத்தியாயம். புத்தகம் மூடப்படுவது இங்கேதான்.

இதற்குக் காரணம் உங்கள் ஆங்கிலம் இல்லை. எலியட் 1869இல் லிட்கேட், வின்சி கதையை ஒரு நாவலாக ஆரம்பித்தார், அது சரியாக நகரவில்லை. 1870 கடைசியில் 'மிஸ் ப்ரூக்' என்று டொரோதியாவைப் பற்றித் தனியாக இன்னொரு கதையைத் தொடங்கினார். அப்புறம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். நீங்கள் தடுக்கி விழுகிற இடம் அந்தத் தையல்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே தடுக்குவதுண்டு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால், 'நமக்கெல்லாம் இது வராது' என்கிற எண்ணம் பாதி குறையும்.

அந்தத் தையலைத் தாண்ட எனக்கு உதவியது அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் போட்ட ஒரு குடும்ப மரம். அதை நம் முறைப் பெயர்களில் எழுதுங்கள், சட்டென்று ஒட்டிக்கொள்ளும். புல்ஸ்ட்ரோடின் மனைவி ஹாரியட், வின்சியின் உடன்பிறந்தவள், ஆக வின்சியின் பிள்ளைகளான ரோசமண்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் அத்தை. ஃபெதர்ஸ்டோனின் முதல் மனைவி கேலப் கார்த்தின் சகோதரி, எனவே கேலப்பின் மகள் மேரி கார்த்துக்குக் கிழவர் அத்தை புருஷன். இரண்டாம் மனைவி வின்சியின் மனைவிக்குச் சகோதரி, அதனால்தான் ஃப்ரெட் அந்தச் சொத்தின்மேல் கண் வைத்துக் கடன் வாங்கித் திரிகிறான். இப்படி எழுதி முடித்ததும் அந்த எட்டு அத்தியாயமும் ஒரு சொத்துத் தகராறு, ஒரு கல்யாணப் பேச்சு, ஒரு ஊர் அரசியல் என்று நமக்கு நன்றாகத் தெரிந்த சமாசாரமாக மாறிவிடும்.

அடுத்தது வேகம். இந்த நாவல் ஒரே புத்தகமாக வரவில்லை. 1871 டிசம்பர் முதல் 1872 டிசம்பர் வரை, எட்டுப் பகுதிகளாக, ஒவ்வொன்றும் ஐந்து ஷில்லிங் விலையில் வந்தது, பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்று. 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைக் கல்கியில் வாரம் வாரம் படித்த மாதிரி, முதல் வாசகர்கள் ஒரு வருடம் இதனோடு வாழ்ந்திருக்கிறார்கள். நாம் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் மூச்சுத் திணறத்தான் செய்யும். செமஸ்டர் ஆரம்பத்திலேயே எடுத்து அந்த எட்டுப் பகுதியை எட்டுத் தனிப் புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு பகுதி சராசரியாகப் பத்துப் பதினோரு அத்தியாயம்தான் வரும். ஒரு பகுதி முடிந்ததும் நடுவில் வேறு ஏதாவது, ஒரு நாடகமோ கவிதையோ, படித்துவிட்டு வந்தாலும் தப்பில்லை. போனில் படிப்பவர்கள் கீழே எத்தனை சதவீதம் என்று காட்டுவதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், இரவு முழுக்கப் படித்துவிட்டு 9% என்று பார்க்கிற வயிற்றெரிச்சல் வேண்டாம்.

இடைவெளி விழுந்துவிட்டால் திரும்ப முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் செய்வது இதைத்தான். முகப்பில் வருகிற புனித தெரசாவை நான்கு தடவை படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு லிட்கேட் யாரென்று தெரியாது. விட்ட இடத்துக்கு முந்தைய அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுத் தொடருங்கள். அந்த முகப்பே கொஞ்சம் கடினம்தான், அதை முதலில் தாண்டிவிட்டு, டொரோதியாவைத் தெரிந்துகொண்ட பிறகு திரும்பிப் பார்த்தால் ஒரே வாசிப்பில் புரிந்துவிடும்.

அகராதி பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிற்கவேண்டாம், திரும்பத் திரும்ப வருகிற வார்த்தைக்கு மட்டும் நில்லுங்கள். நீளமான வாக்கியம் என்றால் வாய்விட்டுப் படியுங்கள், எலியட் கிண்டல் செய்கிற இடங்கள் கண்ணைவிடக் காதுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும். லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிப்புத்தக இணையதளத்தில் ஒலிப்பதிவு இலவசமாகவே கிடைக்கிறது. 1994இல் பிபிசி எடுத்த தொடரையும் பார்க்கலாம், ஆனால் படித்த இடம் வரைக்கும்தான். பெயர்களுக்கு முகம் கிடைக்கும், அதற்குமேல் பார்த்தால் அப்புறம் புத்தகத்தைத் தொடமாட்டீர்கள்.

கதை நடப்பது 1829 முதல் 1832 வரை. வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா, ரயில் பாதை, காலரா பயம் இவற்றைப் பற்றி ஒரு பக்கம் படித்துவைத்துக்கொள்ளுங்கள், அரசியல் அத்தியாயங்கள் அப்புறம் உறுத்தாது. 51ஆம் அத்தியாயத்தில் டொரோதியாவின் பெரியப்பா ப்ரூக் தேர்தலில் நின்று மாடியிலிருந்து பேச ஆரம்பிப்பார், கூட்டத்தில் ஒருவன் அவர் மாதிரியே உருவ பொம்மை செய்து தூக்கிக் காட்ட, எங்கிருந்தோ ஒரு குரல் அவர் சொல்வதை எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்ல, கடைசியில் முட்டை பறக்கும். நம்மூர்த் தேர்தல் கூட்டம் பார்த்தவர்களுக்கு இதற்கு உரையே தேவையில்லை.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு? 74ஆம் அத்தியாயத்துக்காக. கதை தெரிந்துவிடுமே என்று கோபிக்காதீர்கள், தேர்வுக்குப் படிப்பவருக்கு என்ன சஸ்பென்ஸ். புல்ஸ்ட்ரோடின் பழைய களவு ஊருக்கே தெரிந்துவிட்டது, மனைவிக்கு மட்டும் தெரியாது. அவள் வீடு வீடாகப் போகிறாள், எல்லோரும் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள், கடைசியில் சொந்தச் சகோதரன்தான் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறாள். நகைகளை எல்லாம் கழற்றிவைக்கிறாள், சாதாரணக் கறுப்பு கவுன் உடுத்துகிறாள், பகட்டான தொப்பியை எடுத்துவிட்டுத் தலையைப் படிய வாரி எளிய தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள். கீழே இறங்கிவந்தால் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்து பாருங்கள் நிக்கோலஸ் என்கிறாள். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அவள் எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் சொல்லவில்லை. இதைச் சுருக்கத்தில் படித்தால் 'மனைவி கணவனைக் கைவிடவில்லை' என்று ஒரு வரி. முழுசாகப் படித்தவருக்கு, எழுபது அத்தியாயமாகப் பளபளப்பாக உடுத்தி, கணவனின் பக்தியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த அந்த அம்மாவையும் தெரியும், அதனால்தான் அந்தத் தொப்பி வலிக்கிறது. கட்டுரையில் இந்த ஒரு காட்சியை ஒழுங்காக எழுதுங்கள், நாவலைப் படித்திருக்கிறீர்கள் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்த வழி எல்லா நாவலுக்கும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாரன்ஸ் ஸ்டெர்னின் டிரிஸ்ட்ரம் ஷாண்டியும் பல இடங்களில் பாடத்தில் இருக்கிறது, அதில் குடும்ப மரம் போட்டுப் பிரயோஜனமில்லை. கதாநாயகன் பிறப்பதற்கே மூன்றாம் தொகுதி வரை காத்திருக்கவேண்டும், நடுவில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாக அச்சடித்திருக்கும். அதில் தொலைந்துபோவதுதான் ஆசிரியரின் திட்டமே, அதனால் அங்கே பின்னால் போகாமல், சிரிப்பு வருகிற இடங்களைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத, நீங்களாகவே கையில் எடுத்த ஒரு நாவல் ஐம்பது பக்கத்துக்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நூலகத்தில் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை.