மாஸ்டர் வெட்டிய பெயர்

கடந்த மாசியில் எங்கள் பாடசாலை வயலின் மாஸ்டர் காலமானார். செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போனதே தெரியவில்லை.

இரண்டாம் மணி அடித்த பிறகு பின்விறாந்தையில் கேட்கும் சுருதி சேர்ப்பை எங்கள் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்நாடக வயலினையும் மேல்நாட்டு வயலினையும் ஒரே கதிரையில் இருந்தபடி சொல்லித்தந்தவர் அவர். மணலி முதலியார் என்ற செல்வந்தர் ஒரு வெள்ளைக்காரரை வைத்து, முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதருக்கு வயலின் பழக்கிய கதையைச் சொல்லாமல் எந்த வருடத்தையும் அவர் தொடங்கியதில்லை. "ஆரிட்டை இருந்து வந்தது எண்டு தெரிஞ்சுகொண்டு வாசி" என்பார்.

1981 பரிசளிப்பு விழாவில் நான் வாசிக்கவிருந்தது 'லண்டன்டெரி எயர்'. 'டேனி போய்' என்ற ஆங்கிலப் பாட்டின் மெட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். நிகழ்ச்சி நிரலுக்கு விவரம் கேட்டார்கள். நூலகத்தில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, 'இயற்றியவர்: பிரெடரிக் வெதர்லி' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்துவிட்டது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மாஸ்டர் அந்தத் தாளோடு மேடையேறினார். என் பெயரைச் சொல்லி எழும்பச் சொன்னார்.

"தம்பி, இந்த மெட்டை ஆக்கினது ஆர்?"

"வெதர்லி, சேர்."

"வெதர்லி இங்கிலாந்து வக்கீல். 1913இல வந்த பாட்டுக்குச் சொல் எழுதினவர். மெட்டு அதுக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தியே அச்சிலை இருக்கு. அதை வாசிச்ச மனுசன்ரை பெயர் என்ன?"

"தெரியாது, சேர்."

"தெரியாட்டித் தெரியாது எண்டு போடு. இன்னொருத்தன்ரை பெயரைப் போடாதை."

மண்டபம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் பாடசாலை விட்ட பிறகு, நானூறு நிரல்களிலும் வெதர்லியின் பெயரைக் கறுப்பு மையால் வெட்டி, 'மரபு மெட்டு, ஆக்கியவர் பெயர் தெரியாது' என்று கையால் எழுதினேன். இருட்டும்வரை மாஸ்டரும் பக்கத்தில் இருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபம் பல வருடம் ஆறவில்லை. 1986இல் ஊரை விட்டு வரும்போது அவரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளாததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

வாழ்க்கை என்னைக் கொண்டுவந்து விட்டதோ அந்த மெட்டுப் பிறந்த நாட்டில். லிமவாடி என்ற சிறிய ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். அதன் பிரதான வீதியில் ஜேன் ரோஸ் என்ற அம்மையார் வாழ்ந்த வீட்டில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஊர் மெட்டுகளைக் கேட்டு எழுதிவைப்பது அவர் வழக்கம். இந்த மெட்டையும் அவர்தான் எழுதி பழைய ஐரிஷ் மெட்டுகளைத் தொகுத்த ஜோர்ஜ் பெட்ரிக்கு அனுப்பினார். பெட்ரி அதை 1855இல் வெளியிட்ட தொகுப்பில் சேர்த்தார். மெட்டின் பெயரை அம்மையார் விசாரித்து அறியவில்லை என்றும், 'மிகப் பழையது' என்று மட்டும் எழுதி அனுப்பினார் என்றும் பெட்ரி வருத்தத்தோடு குறித்திருக்கிறார். யார் வாசிக்கக் கேட்டார் என்பதும் அங்கே இல்லை. சந்தை நாளில் அவர் வீட்டுக்கு எதிரே ஜிம் மக்கறி என்ற கண் தெரியாத பிடில்காரர் வாசித்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அச்சில் வந்த குறிப்பில் அந்த மனிதர் இல்லை.

பின்னால் வந்தவர்கள் தேடாமல் விடவில்லை. 1934இல் நாட்டார் பாட்டு ஆய்வாளர் ஆன் கில்கிறிஸ்ட் ஒரு யோசனை சொன்னார். வாசித்தவர் காலத்தை இழுத்தும் நெகிழ்த்தியும் வாசித்திருப்பார், தாளம் மூன்று அடியாகப் போகும் மெட்டை அம்மையார் நாலு அடித் தாளமாக எழுதியிருப்பார் என்பது அவர் கருத்து. அப்படி மூன்று அடிக்கு மாற்றிப் பார்த்தால் கிடைக்கும் வடிவத்துக்கு நெருக்கமான ஒரு பழைய பாட்டை 1974இல் ஹியூ ஷீல்ட்ஸ் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். 'இளைஞனின் கனவு' என்று பொருள்படும் ஐரிஷ் பாட்டு அது. டெனிஸ் ஹெம்சன் என்ற ஐரிஷ் கலைஞர் யாழில் வாசிக்க, மெட்டுகளைத் தொகுத்த எட்வர்ட் பன்டிங் எழுதிவைத்தது. 1792 பெல்பாஸ்ட் யாழ் விழாவுக்கு ஹெம்சன் வந்தபோது அவருக்குத் தொண்ணூறைத் தாண்டிய வயது. மற்றவர்களைப் போல விரல் நுனியால் மீட்டாமல், பழைய முறைப்படி நகத்தால் மீட்டியவர்.

ஹெம்சனுக்கு மூன்று வயதில் அம்மை நோயில் கண் போனது. லிமவாடிக்குப் பக்கத்திலுள்ள மகில்லிகனில், டெரி ஆயராக இருந்த பிரபு அவருக்கு மூன்று கினிப் பொற்காசும், வாடகையில்லாமல் வீடு கட்ட நிலமும் கொடுத்தார். இதை முதன்முதல் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கண் தெரியாத யாழ்பாடிக்கு மணற்றிடரைப் பரிசாகக் கொடுத்த கதையில் பெயர் பெற்ற யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் வேறென்ன செய்வான்? மாஸ்டருக்குச் சொல்ல வேண்டும் என்று எழும்பி இருந்தேன். அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். தொலைபேசி இலக்கம்கூட என்னிடம் இருந்தது. எடுக்கவில்லை.

மெட்டை அவர் எனக்குத் தாள் வைத்துச் சொல்லித்தரவில்லை. வாசித்துக் காட்டினார், நான் திருப்பி வாசித்தேன். எங்கிருந்து பிடித்தார்? மிஷன் காலத்து ஆசிரியர் யாரிடமா, கொழும்பிலா, வானொலியிலா? ஆறு வருடம் அவர் முன்னால் இருந்து படித்தும் நான் கேட்கவில்லை.

இந்த வருடம் எங்கள் பழைய மாணவர் சங்க இரவில் அதே மெட்டை வாசிக்கிறேன். நிரலை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'மரபு மெட்டு, ஆக்கியவர் பெயர் தெரியாது' என்பது முதல் வரி. அடுத்த வரியில் மாஸ்டரின் பெயர். அதற்கு அடுத்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். எனக்கு முன் அவரிடம் படித்த அண்ணாமார், அக்காமார் யாருக்காவது அவருடைய குருவின் பெயர் தெரிந்தால் மலர்க்குழுவுக்கு எழுதுங்கள். நிரல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.